மூன்றாவது ஊர்

இடது கால் கட்டைவிரலில் தொட்டில் கயிற்றின் நுனியைச் சுற்றிக்கொண்டு, இரண்டு கைகளையும் லேப்டாப்பின் மேல் சும்மா வைத்தபடி, சண்முகக்கனி அந்தப் பூஜ்யத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அது பாட்டுக்கு, ஒன்றும் தெரியாத பிள்ளையைப் போல, வரியின் கடைசியில் உட்கார்ந்திருந்தது. யார் போட்டது? இவள்தான் போட்டாள். இரண்டே முக்காலுக்கு வந்த மெயிலைப் படித்துவிட்டு இந்தப் பக்கத்தைத் திறந்தவள் இன்னும் கண்ணை எடுக்கவில்லை. பின்னால் கொட்டகையில் நாற்பது விசைத்தறிகள் ஒரே மூச்சாகத் தடதடத்துக்கொண்டிருந்தன. அருப்புக்கோட்டைக்கு வந்து இந்த மாடி வீட்டில் பால் காய்ச்சிய புதிதில், இந்தச் சத்தத்தில் மனுஷர் எப்படி இருக்கிறது என்று மூக்கைச் சிந்தியவள், இப்போது அந்தச் சத்தத்தை நம்பித்தான் வேலை பார்க்கிறாள். பாப்பா தறி ஓடினால் தூங்குவாள், தறி நின்றால் எழுந்துவிடுவாள். மூன்றரைக்குத் தறிக்காரர்கள் டீ குடிக்கப் போவார்கள். நான்கு மணிக்கு மேனுவலின் புதிய பதிப்பை மூடிவிடுவார்கள், அதற்கப்புறம் ஒரு புள்ளிகூட மாற்ற முடியாது. ஐந்தரைக்கு இவளுடைய ஆறு மாத ஒப்பந்தம் முடிகிறது. நீட்டிப்பார்களா மாட்டார்களா என்று இன்றைக்குள் சொல்வதாக இவளை வேலைக்கு எடுத்த எஸ்தர் மேடம் சென்னையிலிருந்து திங்கட்கிழமையே சொல்லியிருந்தார்; இன்று வெள்ளி, இன்னும் வாயைத் திறக்கவில்லை. எல்லாம் ஒரே நாளில்தான் வந்து விழணுமா, வரிசையில நின்னு ஒண்ணொண்ணா வந்தா ஆகாதா என்று நினைத்துக்கொண்டே காலை ஆட்டினாள். தொட்டில் ஆடியது. பூஜ்யம் ஆடவில்லை.

கனியின் வேலை எழுதுவது. யாரும் படுத்துக்கொண்டு படிக்கிற எழுத்து அல்ல. அலாரம், மீட்டர், மோட்டார் ஓட்டும் பெட்டி என்று சின்னச் சின்னக் கருவிகளுக்குள் ஓடுகிற சி மொழிக்கு அவள் கம்பெனி ஒரு நூலகம் செய்கிறது, பிறர் எடுத்துத் தங்கள் ப்ரோகிராமில் வைத்துக்கொள்கிற துண்டு ப்ரோகிராம்களின் தொகுப்பு, ஒவ்வொரு துண்டும் ஒரு ஃபங்ஷன். அதில் நேரத்தை ஒரு வடிவத்திலிருந்து இன்னொரு வடிவத்துக்கு மாற்றிக் கொடுக்கிற ஃபங்ஷன்களுக்கு மேனுவல் எழுதி, எழுதியதைப் பழுது பார்த்து வைத்துக்கொள்வது இவள் பொறுப்பு. கம்ப்யூட்டருக்கு மனுஷர் மாதிரி நாள் நட்சத்திரம் தெரியாது. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபது ஜனவரி முதல் தேதியிலிருந்து எத்தனை விநாடி ஆச்சு என்று ஒரே ஒரு எண்தான் தெரியும். அதற்கு முன்னால் உள்ளதெல்லாம் மைனஸ். அவளுடைய அப்பா பிறந்ததே மைனஸில்தான், அதைச் சொன்னபோது அப்பா, அப்ப நான் பெறந்ததுக்குக் கணக்கே இல்லையா தாயி என்று ரொம்ப யோசித்தார். மனுஷர் சொல்கிற வருஷம் மாதம் தேதி மணி நிமிஷத்தை வாங்கி அந்த ஒரே எண்ணாக உருட்டித் தருகிற ஃபங்ஷனுக்குப் பெயர் எம்கேடைம். அதற்கு வருஷம் ஆயிரத்துத் தொள்ளாயிரத்திலிருந்து தொடங்கும், மாதம் பூஜ்யத்திலிருந்து தொடங்கும், தேதி மட்டும் ஒன்றிலிருந்து. மூன்று மருமகள்களும் ஆளுக்கொரு அடுப்பு வைத்துப் பொங்குகிற வீடு மாதிரி. இதெல்லாம் அவளுக்குத் தண்ணீர்பட்ட பாடு. கடைசியில் ஒரு கேள்வி உண்டு, அங்கேதான் வழுக்கியிருக்கிறாள். சில நாடுகளில் கோடை வந்தால் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளி வைப்பார்கள், குளிர் வந்தால் பின்னால் இழுப்பார்கள். நீ கொடுக்கிற மணி அந்தக் கோடைக் கணக்கா என்று எம்கேடைம் கேட்கும். ஆமாம் என்றால் ஒன்று. இல்லை என்றால் பூஜ்யம். எனக்குத் தெரியாது, ஊரையும் தேதியையும் வைத்து நீயே பார்த்துக்கொள் என்றால் மைனஸ் ஒன்று. கனி பூஜ்யம் போட்டுவிட்டாள். போட்டபோது அது பொய்யாகவும் தோன்றவில்லை, நம் ஊரில் கடிகாரத்தை யார் தள்ளி வைக்கிறார்கள்? மே மாதம் தார் உருகுகிற வெயிலிலும் பத்து மணி பத்து மணிதான்.

மெயில் போர்ச்சுகலிலிருந்து. நூனோ என்று ஒருவர், ஒரு சின்னப் பள்ளிக்கூடத்தில் கம்ப்யூட்டர் பார்த்துக்கொள்கிறவர், பக்கத்தின் அடியில் இருந்த இவள் முகவரியைப் பார்த்து எழுதியிருந்தார். பள்ளிக்கூட மணி தானாக அடிக்கிற மாதிரி ஒரு பெட்டி செய்து மாட்டினாராம், மாட்டியதிலிருந்து ஒரு மாதம் அழகாக அடித்ததாம், போன ஞாயிற்றுக்கிழமை அங்கே கடிகாரத்தைத் தள்ளி வைத்தார்கள், திங்கட்கிழமையிலிருந்து எட்டரை மணி ஒன்பதரைக்கு அடிக்கிறது. பிள்ளைகள் என்னைக் கட்டிப்பிடிக்கிறார்கள், தலைமையாசிரியை அப்படியில்லை என்று எழுதியிருந்ததைப் படித்தபோது கனி வாய்விட்டுச் சிரித்துவிட்டு, பாப்பா முழித்துவிடுவாளோ என்று வாயைப் பொத்திக்கொண்டாள். அவளுடைய ஊர்ப் பள்ளிக்கூடத்திலும் மணி அப்படித்தான் அடிக்கும். வாட்ச்மேன் ராமையாவிடம் கடிகாரம் கிடையாது, பந்தல்குடி பஸ் திரும்புகிற சத்தம் கேட்டால்தான் தண்டவாளத் துண்டில் அடிப்பார், பஸ் பஞ்சர் ஆன அன்றைக்கு பதினொன்றரை வரைக்கும் பிரேயரே நடக்கவில்லை, பிள்ளைகள் எல்லாரும் புளியமரத்தடியில் கிளித்தட்டு ஆடினார்கள், வரவேண்டிய கணக்கு டீச்சரும் அதே பஸ்ஸில்தான் மாட்டியிருந்தார் என்பதால் கேட்கவும் நாதியில்லை. சிரிப்பு அடங்கின பிறகுதான் மெயிலின் கடைசி வரிகள் கண்ணில் குத்தின. மூன்று நாளாக என் ப்ரோகிராமில் என் தப்பைத் தேடுகிறேன், கிடைக்கவில்லை. உங்கள் மேனுவலில் உள்ள எடுத்துக்காட்டை அப்படியே வைத்துத்தான் எழுதினேன், அதனால் நான்தான் எங்கேயோ கோட்டை விட்டிருக்கிறேன். வருகிற திங்கட்கிழமைக்குள் சரியாகாவிட்டால் பெட்டியைக் கழற்றிவிடச் சொல்கிறார்கள். உங்கள் நேரத்தை வீணாக்குவதற்கு மன்னியுங்கள்.

மன்னியுங்கள். கொழுப்பாகச் சண்டை போட்டு எழுதியிருந்தால் தேவலை. நீயெல்லாம் என்ன எழுதுகிறாய் என்று கேட்டிருந்தால் அவளும் நாலு வார்த்தை மனசுக்குள் திருப்பிக் கேட்டிருப்பாள். யாரோ ஒரு மனுஷர், எந்த ஊரோ, காப்பி ஆறிப்போக உட்கார்ந்து, தன்மேல் இல்லாத தப்பைத் தன் வரிகளுக்குள் பேன் பார்க்கிற மாதிரிப் பார்த்துக்கொண்டிருக்கிறார். தப்பு இங்கே இருக்கிறது. அருப்புக்கோட்டையில், தொட்டிலுக்குப் பக்கத்தில், நேற்று வடித்த கஞ்சிச் சட்டி இன்னும் கழுவாமல் கிடக்கிற இந்த வீட்டில். பூஜ்யத்தை அழித்து மைனஸ் ஒன்று என்று தட்டினால் தீர்ந்தது. தட்டிவிட்டாள்கூட. இரண்டு எழுத்து. பக்கத்தை மாற்றினால் என்ன மாற்றினாய் என்று ஒரு கட்டத்தில் எழுத வேண்டும். அதில் எழுத்துத் திருத்தம் என்று எழுதி வைத்திருந்தாள். கமா விட்டுப்போனாலும் எழுத்துத் திருத்தம்தான், ஒரு எழுத்து விட்டுப்போனாலும் எழுத்துத் திருத்தம்தான், ஒரு நாளைக்கு இருபது போகும், யாரும் திறந்துகூடப் பார்க்க மாட்டார்கள். நூனோவுக்கு ஒரு வரி, இந்த இடத்தில் மைனஸ் ஒன்று போட்டுப் பாருங்கள். அவரும் நன்றி என்று எழுதுவார். நாலு மணிக்குப் பதிப்பு மூடும். அஞ்சரைக்கு மேடம் கூப்பிடுவாங்க, கனி நல்லாப் பண்ணீங்கன்னு சொல்லுவாங்க. அவ்வளவுதானே? அவ்வளவுதான். பிறகு ஏன் கை அனுப்பு பட்டன் மேல் போய்ப் போய்த் திரும்புகிறது, சூடான தோசைக்கல்லைத் தொடப் போகிற கை மாதிரி.

டிக். அந்த டிக்தான். எஸ்தர் மேடத்துக்கு ஒரு சட்டம் உண்டு, மேனுவலில் வருகிற எந்த எடுத்துக்காட்டையும் மூன்று ஊரில் ஓட்டிப் பார்க்காமல் வெளியே விடக்கூடாது. ஊருக்கெல்லாம் போக வேண்டாம், கம்ப்யூட்டரிடம் நீ இப்போது இந்த ஊரில் இருக்கிறாய் என்று சொன்னால் அது நம்பிவிடும். முதல் ஊர் நம் ஊர். இரண்டாவது வடக்கே குளிர் நாட்டில் ஒன்று. மூன்றாவது பூமிக்குத் தெற்கே ஒன்று, அங்கே பருவமே தலைகீழ். மூன்றிலும் ஓட்டி, மூன்று கட்டத்திலும் டிக் போட வேண்டும். இந்தப் பக்கத்தை எழுதிய அன்றைக்கு ஜனவரி இருபது. அன்றைய தேதியையே எடுத்துக்காட்டில் போட்டுக்கொண்டாள். நம் ஊரில் ஓட்டினாள், எட்டரை என்று சொல்லிற்று, டிக். லிஸ்பனில் ஓட்டினாள், எட்டரை, டிக். நினைத்தால் இப்போது சிரிப்பாக வருகிறது, நூனோவின் நாட்டிலேயே ஓட்டிப் பார்த்திருக்கிறாள், ஜனவரியில் அங்கே குளிர், கோடைக் கணக்கு இல்லை, பூஜ்யம் சரி. மூன்றாவதுக்குச் சிட்னி என்று தட்டப் போகிற நேரத்தில் பாப்பா வீறிட்டாள். முந்தின நாள்தான் ஊசி போட்டிருந்தது. காய்ச்சல், தொட்டால் வடசட்டிச் சூடு. சிரப்பைத் தேடி, துணி நனைத்து, தோளில் போட்டு நடந்து நடந்து, வீட்டுக்காரர் முருகவேலுக்கு மில்லுக்குப் போன் போட்டு அவர் எடுக்காமல், அழுகிற பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு ஒற்றைக் கையால் மூன்றாவது கட்டத்திலும் டிக் போட்டு அனுப்பிவிட்டாள். ரெண்டு ஊரில் சரியா வந்தது மூணாவது ஊர்ல என்ன கெட்டா போயிரும் என்று ஒரு நினைப்பு. இல்லை, அப்படி நினைத்ததாகக்கூட ஞாபகம் இல்லை. விரல் போட்டது. விரலுக்குத் தனியாக ஒரு மூளை இருந்த மாதிரி.

இப்போது ஓட்டிப் பார்ப்போமா? பார்க்க வேண்டாம், தெரிந்ததுதானே. தெரிந்ததை எதற்குப் பார்ப்பது? ஆனாலும் பழைய பூஜ்யத்தைத் திரும்பப் போட்டு, அதே ஜனவரி இருபது, அதே எட்டரை, சிட்னி என்று தட்டினாள். பொத்தானை அழுத்துமுன் கால் நின்றுவிட்டது, தொட்டில் ஒரு பெருமூச்சு விட்ட மாதிரி நின்றது. அழுத்தினாள். ஒன்பதரை. கண்ணைச் சிமிட்டுகிற நேரம்கூட ஆகவில்லை. ஜனவரியில் சிட்னியில் கோடை. ஒரே ஒரு தடவை ஓட்டியிருந்தால் அன்றைக்கே பல்லைக் காட்டியிருக்கும். இதற்காகத்தானே மேடம் மூன்றாவது ஊர் வைத்தது, இந்த ஒரு மணி நேரத்தைப் பிடிக்கத்தான். அடி பாவி, கண்ணச் சிமிட்டுற நேரம்டி. பரீட்சைத் தாளைக் கொடுத்துவிட்டு வெளியே வந்தபின் பின்பக்கக் கேள்வி ஞாபகம் வருகிற மாதிரி இருந்தது. மேடம் கத்துகிற ஆள் இல்லை. கத்தினால் பரவாயில்லை. அமைதியாக, அப்படியா, என்று கேட்பார். இண்டர்வ்யூவில் மேடம் என்னவோ ஒன்று கேட்க, மற்றவர்கள் எல்லாம் இங்கிலீஷில் நீட்டி முழக்க, இவள் தெரியாது மேடம், பாத்துச் சொல்றேன் என்று சொன்னாள். அதற்குத்தான் உங்களை எடுத்தேன் என்று மேடம் ஒருநாள் பேச்சுவாக்கில் சொன்னார். அந்த மேடத்துக்கு முன்னால் பாக்காமலே பாத்தேன்னு போட்ட டிக். நீட்டிக்க மாட்டார்கள். நீட்டிக்காவிட்டால்? குடி முழுகாது, முருகவேல் சம்பளம் இருக்கிறது, ஜவுளிக்கடையில் பில் போட ஆள் கேட்டிருக்கிறார்கள். பில் போடலாம். போடலாம்தான். ஆனால் இந்த ஆறு மாதம் மாதிரி இருக்காது. ஒரு வாக்கியத்தை நாலு விதமாகத் திருப்பிப் போட்டு, கடைசியில் எவனுக்கும் சந்தேகம் வராத மாதிரி அது உட்காருகிறபோது ஒரு சந்தோஷம் வருமே, குழம்பில் உப்பு சரியாக விழுந்த மாதிரி, அது பில்லில் எங்கே வரும்?

எழுத்துத் திருத்தம். எழுத்துத் திருத்தம். பார்க்கப் பார்க்க அந்த வார்த்தை அசிங்கமாகத் தெரிந்தது. சரி, இன்று மாற்றினால் இன்று முதல் பார்க்கிறவர்களுக்குச் சரியாகிவிடும். பிப்ரவரியில் போன பதிப்பைப் பார்த்து எழுதியவர்கள்? அவர்கள் திரும்ப வந்து பக்கத்தைப் பார்ப்பார்களா? சமையல் குறிப்பை ஒருதடவை எழுதி எடுத்துக்கொண்டு போனவள் அடுத்த மாதம் வந்து உப்பு எத்தனை ஸ்பூன் என்று மறுபடி கேட்பாளா? நூனோ கேட்டார், கேட்காதவர்கள் எத்தனை பேரோ. பிள்ளைகளுக்குக் கட்டிப்பிடிக்க ஒரு மணி நேரம், அது சிரிப்பு. எங்கேயோ ஒரு பெரியவருக்கு மாத்திரை நேரம் சொல்கிற பெட்டி இருந்தால்? தெற்கே அந்த ஊர்களில் நாளை மறுநாள்தான் கடிகாரத்தைப் பின்னால் இழுக்கிறார்கள், அதுவரை அங்கே ஓடுவதெல்லாம் ஒரு மணி நேரம் தள்ளித்தான் ஓடிக்கொண்டிருக்கும், அவர்களும் தங்கள் தப்பைத் தேடிக்கொண்டிருப்பார்கள். எல்லோருக்கும் தெரிய வேண்டுமென்றால் ஒரே வழி பிழை அறிவிப்பு. அது நூலகத்தை வாங்கிய அத்தனை பேருக்கும் மெயிலில் போகும். அதில் நாலு கட்டம். எந்தப் பக்கம், என்ன தப்பு, எப்படிச் சரி செய்வது, சோதனையில் ஏன் பிடிபடவில்லை. முதல் மூன்று வெளியே போகும், நாலாவது மேடத்துக்குப் போகும். நாலாவது கட்டம். அதை நினைத்ததும் மனசு ஈரத்துணி காயப்போட்டது ஞாபகம் வந்த மாதிரி எழுந்து மொட்டைமாடிக்கு ஓடிப்போயிற்று. துணி காய்ந்திருக்கும், பாப்பாவின் மஞ்சள் சட்டை காற்றில் போயிருக்குமோ, கிளிப் மாட்டினேனா, சாயங்காலம் வெண்டைக்காய் வாங்கணும், முத்தல் கொடுத்துவிடுவார் அந்த வண்டிக்காரர், நுனியை ஒடித்துப் பார்த்து வாங்கணும். திரும்பி வந்தது மனசு. வந்த இடத்தில் நாலாவது கட்டம் அப்படியே நின்றது.

தறிகள் நின்றன. ஒன்றன்பின் ஒன்றாக அடங்கி, கடைசித் தறி இருமி ஓய்ந்ததும் வீடு காதுக்குள் விழுந்த மாதிரி ஆயிற்று. தொட்டில் அசைந்தது. சேலையை இரண்டு கையாலும் விலக்கிக்கொண்டு பாப்பா எட்டிப் பார்த்து, இவளைக் கண்டதும் இருக்கிற மூன்று பல்லையும் காட்டினாள். ஏ, எந்திரிச்சாச்சா, அதுக்குள்ளயா? தூக்கி மடியில் போட்டுக்கொண்டாள். நெற்றி தொட்டாள், காரணமே இல்லாமல். ஜில்லென்று வியர்த்திருந்தது. இதை வைத்துக்கொண்டா நான் பொய் டிக் போட்டேன், இது மேல் பழியைப் போட்டா தப்பிக்கப் பார்க்கிறேன் என்று வந்தது. அப்படி யாரும் இன்னும் கேட்கவில்லை, இவளே பழியைத் தயாராக வடித்து வைத்திருந்தாள் உள்ளுக்குள். எழுத்துத் திருத்தம் என்பதை அழித்து எடுத்துக்காட்டில் பிழை என்று எழுதினாள், பூஜ்யத்தை மறுபடி மைனஸ் ஒன்று ஆக்கிப் பக்கத்தை அனுப்பினாள். பிழை அறிவிப்பைத் திறந்தாள். பக்கம் எழுதினாள், தப்பு எழுதினாள், சரி செய்கிற வழி எழுதினாள். அது அவளுக்குத் தெரிந்த வேலை, மடியில் பிள்ளை குதித்தாலும் கை பாட்டுக்கு ஓடியது, வாக்கியம் தெளிவாக விழுந்தது, யாருக்கும் சந்தேகம் வராது. நாலாவது கட்டத்தில், குழந்தைக்குக் காய்ச்சலாக இருந்ததால், என்று தொடங்கினாள். நிறுத்திப் படித்தாள். காய்ச்சல் உண்மை. ஆனால் காய்ச்சல் டிக் போடவில்லை. நாலு நாள் கழித்துக்கூட ஓட்டிப் பார்த்திருக்கலாம், மறந்தே போனாள், அதுதான் முழு உண்மை. அழித்தாள். மூன்றாவது ஊரில் நான் ஓட்டவில்லை. ஓட்டாமல் டிக் போட்டேன். இன்று ஓட்டினேன், ஒரு மணி நேரம் பிசகுகிறது. அதற்குக் கீழே எழுத ஒன்றும் இல்லாதது ஆச்சரியமாக இருந்தது. மூன்று ஐம்பது. பாப்பா கையை நீட்டி ஏதோ ஒரு விசையைத் தட்ட, ஏழெட்டு ஜே வரிசையாக விழுந்தது, அதை அழித்துவிட்டு அனுப்பினாள். அதே சூட்டில் நூனோவுக்கும் எழுதினாள். நீங்கள் மூன்று நாளாகத் தேடியது உங்கள் ப்ரோகிராமில் இல்லை, என் பக்கத்தில் இருந்தது. பூஜ்யத்தை மைனஸ் ஒன்று ஆக்குங்கள், திங்கட்கிழமை எட்டரைக்கு அடிக்கும். உங்கள் தலைமையாசிரியையிடம் தப்பு மேனுவல் எழுதியவளுடையது என்று தாராளமாகச் சொல்லுங்கள்.

மூன்று ஐம்பத்தாறுக்குப் போன் அடித்தது. எஸ்தர் மேடம். எடுக்குமுன் பாப்பாவை இடது இடுப்புக்கு மாற்றிக்கொண்டாள், என்னமோ அந்தப் பக்கம் வைத்துக்கொண்டால் கொஞ்சம் தைரியமாக நிற்கலாம் போல.

"கனி, அறிவிப்பு பாத்தேன். அந்த டிக் நீங்கதான் போட்டீங்களா?"

"ஆமா மேடம். ஓட்டாமப் போட்டேன்."

அப்படியா, என்றார் மேடம். அதேதான், நினைத்த மாதிரியே அதே அமைதி. பின்னால் ஆபீஸில் யாரோ நாற்காலி இழுக்கிற சத்தம் கேட்டது. கனி ஜன்னல் வழியே கீழே பார்த்தாள். தறிக்காரர்கள் டீ கிளாஸை வைத்துக்கொண்டு வேப்பமர நிழலில் எதற்கோ சிரித்துக்கொண்டிருந்தார்கள். நீங்கள் சொல்லாவிட்டால் எனக்குத் தெரிந்திருக்காது என்று மேடம் சொல்லவில்லை. பரவாயில்லை என்றும் சொல்லவில்லை. அறிவிப்பை அப்படியே வெளியே விடச் சொல்லிவிட்டதாகவும், மூன்றாவது கட்டத்தில், சரி செய்கிற வழியில், ஒரு சொல்லைக்கூட மாற்றவில்லை என்றும் மட்டும் சொன்னார்.

"இதே எடுத்துக்காட்ட வச்சு வேற எத்தனை பக்கம் எழுதியிருக்கீங்க?"

"நாலு மேடம்."

"நாலையும் திங்கக்கிழமை ஓட்டணும். மூணு ஊர்லயும். நான் ஸ்கிரீன்ல கூடவே உக்காந்து பாப்பேன். ஒவ்வொரு டிக்கையும் பாப்பேன். ஒம்பதரைக்கு."

"மேடம், எனக்கு இன்னைக்கோட முடியுது."

"அந்தப் பேப்பர் என் மேஜையிலதான் இருக்கு. அதை நான் பாத்துக்கறேன். நீங்க திங்கக்கிழமை ஒம்பதரைக்கு வாங்க, ஒம்பதே முக்கால்னா எனக்குக் கோவம் வரும்," என்று சொல்லிவிட்டு மேடம் வைத்துவிட்டார்.

பார்த்துக்கொள்கிறேன் என்றால் என்ன, எத்தனை மாசத்துக்கு, கையெழுத்து எப்போ, திட்டு பாக்கி இருக்கிறதா, இருக்கும், திங்கட்கிழமை ஒவ்வொரு டிக்குக்கும் ஒன்று என்று இருக்கும், இருக்கட்டுமே. நாலு பக்கம், மூன்று ஊர், பன்னிரண்டு தடவை. கோடைத் தேதி ஒன்று குளிர்காலத் தேதி ஒன்று என்று இரண்டிரண்டாக ஓட்டினால் இருபத்து நாலு. அப்படித்தான் ஓட்டணும். மேடம் கேட்பதற்கு முன்னால் நாமே சொல்லிவிடணும். எங்கேயோ காலடியிலிருந்து கிச்சுக்கிச்சு மூட்டின மாதிரி ஒன்று ஏறி வந்தது, அதைச் சிரிப்பென்று அவள் கண்டுபிடிக்குமுன் பாப்பா பயந்துபோய் அவள் முகத்தைப் பார்த்தாள், பிறகு அவளும் சேர்ந்துகொண்டாள். கீழே ஒரு தறி கிளம்பிற்று, அதைத் தொடர்ந்து இன்னொன்று. அந்தச் சத்தத்துக்குள் மறுபடி போன் அடித்தது, முருகவேல், மில் கேண்டீனிலிருந்து. காலையில் கிளம்பும்போது ஒன்றும் கேட்காமல் போனவர், இப்போது வெண்டைக்காய் வாங்கணுமா என்று கேட்கிற சாக்கில் வந்து, இழுத்து இழுத்து, அந்த மேடம் கூப்பிட்டாங்களா என்று கேட்டார். கனி காதோடு போனை அழுத்திக்கொண்டாள்.

"இந்தாங்க, திங்கக்கிழமை காலைல ஒம்பதரைலருந்து ஒரு மணி வரைக்கும் பாப்பாவ நீங்கதான் பாக்கணும். எனக்கு வேலை இருக்கு."

அந்தப் பக்கம் கேண்டீன் மேஜையில் டம்ளரை வைக்கிற சத்தம் கேட்டது.

"சரி புள்ள," என்றார் முருகவேல். "ரெண்டாம் ஷிப்டுக்கு மாத்திக்கிறேன். இப்பவே போயிச் சொல்லிட்டு வந்துர்றேன்."